திரும்பி வந்த துணி

பதினாலு அண்ணன் மறுபடியும் மெலிய ஆரம்பித்தபோது நாங்கள் எல்லோரும் அவரைப் பாராட்டினோம். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டு வர்றீங்க?" என்றேன்.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு. இன்னொரு தடவை கட்டிக்குவாளான்னு கேட்டுப் பாரு," என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து அவருடைய கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை. "நான் சாப்பாட்டுல எதையும் குறைக்கலையே, தம்பி," என்று மட்டும் சொன்னார்.

வெளியே நாலு நாளாக விடாத மழை. ஈரக்காற்றில் எதுவுமே காயாமல், துவைத்த துணிக்கும் துவைக்காத துணிக்கும் ஒரே வாடை வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கால்சட்டையைப் பார்த்தேன், ஒன்றும் யோசிக்காமல் வேனை எடுத்துக்கொண்டு போனேன்.

பதினாலு அவருடைய பேர் இல்லை. எங்கள் சலவை ஆலையில் ஆளுக்கு ஒரு நம்பர். நான் முப்பத்தொன்று, வேன் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலும் விடுதிகளிலும் அழுக்கு மூட்டையை ஏற்றி வருவதும், வெளுத்த கட்டுகளைக் கொண்டுபோய் இறக்குவதும் என் பாடு. அவர் நாடா மேஜைக்காரர். அண்ணி சரிபார்க்கும் மேஜை. அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறாள், என்னைச் சித்தப்பா என்பாள். ரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் எனக்குத் தெரியும்.

நாடா மேஜை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முரட்டுக் கறையோடு வருகிற துணியின் ஓரத்தில் ஒரு துளை போட்டு, மஞ்சள் நாடாவைக் கோத்து, துணி நம்பரை எழுதி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மஞ்சளைப் பார்த்தால் யாரும் அந்தத் துணியை ரோலர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஆவி ரோலரின் சூடு பட்டால் கறை நூலுக்குள் குடியேறிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க் கறைக்குச் சோடா என்று தனித்தனியாக ஊறப்போட்டு, கறை போனபிறகு துணி மறுபடி அண்ணனிடம் வரும். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இடுப்பில் தொங்குகிற வளைந்த கத்தியால் நாடாவை ஒரே இழுப்பில் வெட்டுவார். நாடாவின் பின்பக்கம் தன் நம்பரை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்.

அந்த நம்பர்தான் முக்கியம். வாடிக்கைக்காரரிடம் போன துணி கறை தெரிகிறது என்று திரும்பி வந்தால், அண்ணி டப்பாவைத் திறந்து அந்த நாடாவைத் தேடி எடுத்துப் பின்பக்கம் திருப்புவார். யார் நம்பர் இருக்கிறதோ அந்த ஆள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி "நான்தான் வெட்டினேன்" என்று சொல்ல வேண்டும். தண்டனை கிடையாது, திட்டு கிடையாது. சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்வதற்குள் கெட்டிக்காரனுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷத்தில் பதினாலு அண்ணன் இரண்டே தடவைதான் அங்கே நின்றிருக்கிறார். அதே அளவுக்கு இன்னொன்றும் அவருக்குத் தாங்காது. சுத்தமான துணியில் மஞ்சள் நாடா தொங்கினால், யார் வீட்டுக் கல்யாணத்திலோ அவரை அவமானப்படுத்தியது மாதிரி துடிப்பார். "வெளுத்தாச்சுல்ல? அப்புறம் ஏன்யா இன்னும் குத்தவாளி மாதிரி நிக்க வச்சிருக்கீங்க?" என்று கத்தியை எடுத்துவிடுவார்.

அவருக்கு ஈரலில் கொழுப்பு என்று கண்டுபிடித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். பாய்லர் சூட்டுக்காக நிர்வாகம் ஆளுக்கு இரண்டு பாட்டில் இனிப்புச் சோடா இலவசமாகக் கொடுத்தது. அவர் தன்னுடையதையும் குடித்து, வேண்டாம் என்றவர்களுடையதையும் குடித்து, ஒரு நாளைக்கு ஏழெட்டு உள்ளே தள்ளுவார். ஸ்கேன் முடிவு வந்ததும் ஆலை முழுக்க ஒரே பேச்சு. சாராயம் தொடாத மனுஷனுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? "ராத்திரி எங்கண்ணே ஒளிச்சு வைக்கிறீங்க, சோப்புத் தொட்டியிலயா?" என்று பாய்லர்காரர் கேட்டுக் கேட்டு அவரை அழவைத்துவிட்டார்.

பார்த்த டாக்டரம்மாவை எங்களுக்கு முன்பே தெரியும். நேரில் அல்ல, கோட்டு வழியாக. நாற்பத்தேழாம் நம்பர் கோட்டு. பையில் எப்போதும் கடலைத்தோல், மார்பில் பேனா மைக்கறை. "இது யாரோ தின்னிப் பண்டாரம்" என்று அண்ணன் பல வருஷமாக அந்தக் கோட்டைத் திட்டிக்கொண்டே வெளுத்திருக்கிறார். ஒல்லியான ஒரு பெண்மணி அந்தக் கோட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்ததும், "நாப்பத்தேழு நீங்கதானா!" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாராம். அந்தம்மா சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவர்கள் சொன்னது அண்ணனுக்கு வேதவாக்கு.

சோடாவை நிறுத்தினார். ஆலைக்கு நடந்தே வந்தார். அவித்த காய், ஒரு முட்டை, இரண்டு துண்டு ரொட்டி என்று டப்பாவைத் திறந்தால் எங்களுக்கே பாவமாக இருக்கும். ஒன்றரை வருஷத்தில் பதினாறு கிலோ இறங்கினார். ஈரலில் கொழுப்பு இல்லை என்று ஸ்கேன் வந்த மறுநாள் தேநீர் வேளையில் மேஜைமேல் ஏறாத குறையாக நின்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

"நாப்பத்தேழு என்ன சொல்றாங்கன்னா, உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ஒரே புஸ்தகம்தானாம். ஈரல்லயும் அதேதான், கண்ணுலயும் அதேதான். எந்தப் பக்கத்தைப் படிக்கணும், எதைத் தொறக்கவே கூடாதுன்னு மேல சின்னச் சின்னதா நாடா கட்டியிருக்குமாம்."

"நம்ம மஞ்சள் நாடாவா?" என்றார் பாய்லர்காரர்.

"அதேதான்யா! நான் சொன்னேன், அவங்களும் ஆமான்னுட்டாங்க. கொழுப்பு வருஷக்கணக்கா உக்காந்திருந்தா, இந்த நாடாவெல்லாம் இடம் மாறிப்போயிடுமாம். 'போதும், வளராதே'ன்னு ஒரு பக்கம் இருக்கும். அதை மூடிடும். மூடி வைக்க வேண்டியதைத் தொறந்து விட்டுடும். புஸ்தகத்துல ஒரு எழுத்து மாறியிருக்காது. நாடா மட்டும் மாறியிருக்கும். அப்படிப் போனா கடைசியில கட்டி வரும்."

"அதான் கொழுப்பு போயிடுச்சே. நாடா பழையபடி வந்துடும்ல?"

"சிலது வருமாம், சிலது வராதாம். எது எதுன்னு ஸ்கேன்ல தெரியாது. பல பேருக்கு ஒண்ணும் ஆகாது, யாருக்கு ஆகும்னு இப்பவே சொல்ல முடியல, அதனால ஆறு மாசத்துக்கொரு தடவை வந்துடுங்கன்னாங்க. அவங்களே கூப்பிடுவாங்க. இத்தனை நாளும் அப்படித்தானே கூப்பிட்டாங்க."

அண்ணி கீழே குழல்விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் ஒரு வெள்ளை விரிப்பை விரித்து வைத்திருந்தார். பளிச்சென்று இருந்தது. அதை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து லேசாக இழுத்தார். சரக்கென்று கிழிந்தது.

"பிளீச்சு கூடிப்போச்சு," என்றார். "கறை போயிடுச்சு. நூல் செத்துப்போச்சு. பார்த்தா தெரியுதா? நீங்க மறக்காம போயிட்டு வாங்க."

"போகாம என்ன? எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார் அண்ணன்.

ஆறு மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு வருஷம் ஆயிற்று. "கூப்பிடலைன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தம். வேண்டாதவனை எதுக்குக் கூப்பிடுவாங்க?" என்றார். அண்ணி நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் மகளுக்கு வேலை தேடுவதில் மறந்துபோனார். நானும் வாரத்தில் ஆறு நாள் அதே ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வேனை நிறுத்துகிறவன்தான். எனக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் போய்விட்டது.

அந்த மழை வாரத்தில்தான் நாற்பத்தேழு பின்வாசலில் என்னைப் பார்த்தார்கள். வேனில் எழுதியிருந்த ஆலைப் பேரைப் பார்த்துவிட்டு, குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்கள்:

"உங்க பதினாலு எப்படி இருக்கார்? வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாரா?"

"இல்லீங்களே டாக்டரம்மா. நீங்கதான் கூப்பிடலைன்னு..."

பையில் கடலை எடுக்கப் போன கை நின்றது. "எடை எப்படி இருக்கு?"

"இப்பக்கூட குறைஞ்சிருக்குதுங்க. நல்லா மெலிஞ்சுட்டார்."

"குறைக்கணும்னு அவரே குறைக்கிறாரா?"

எனக்கு அப்போதுதான் கால்சட்டை ஞாபகம் வந்தது. அந்தம்மா என்னைக் கூட்டிக்கொண்டே கோப்பு அறைக்குப் போனார்கள். தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களின் கோப்புகளுக்கு ஓரத்தில் மஞ்சள் நாடா கட்டித் தனி அலமாரியில் வைத்திருந்தார்கள். அந்த அலமாரியைப் பார்த்துத்தான் மாதாமாதம் போன் போகும். அண்ணனுடையது அதில் இல்லை. பழைய கோப்புகளோடு அடியில் கிடந்தது. உள்ளே முதல் தாளிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தவறக் கூடாது. எழுத்து அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை.

"நாடாவை யாரோ எடுத்திருக்காங்க," என்றார்கள் டாக்டரம்மா. கவுண்டரில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். சின்ன வயசு, கண்ணாடி போட்ட பெண். "நான் எடுக்கலை மேடம். எனக்குத் தெரியாது மேடம்," என்பதைத் தவிர அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

கோப்பின் துளையில் நாடாவின் முடிச்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டின முனையை நான் பார்த்தேன். கத்தரிக்கோல் வெட்டு நேராக இருக்கும். இது சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டினது. வேன் காத்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

மறுநாளே ஸ்கேன். அதற்கடுத்த வாரம் நாலு பேரும் டாக்டரம்மா அறையில் உட்கார்ந்திருந்தோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. வேன் ஓட்டுகிறவன் தெம்பாக இருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

"கட்டி இருக்கு," என்றார்கள். "சின்னது இல்லை. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வளர்ந்திருக்கு. வெட்டி எடுக்க முடியாது."

"பாப்பா, எழுதிக்கோ," என்றார் அண்ணன் மகளிடம். அவள் கையில் பேனா இல்லை.

"வேற என்ன பண்ணலாம்?" அண்ணி கேட்டார்.

"குழாய் வழியா மருந்து விட்டுப் பார்க்கலாம். நாள் கிடைக்கும். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன்."

"முன்னாடியே வந்திருந்தா?"

நாற்பத்தேழு சுற்றி வளைக்கவில்லை. "ஒன்றரை வருஷம் முன்னாடி வந்திருந்தா அனேகமா கடலையளவுலயே பிடிச்சிருப்போம். எடுத்திருக்கலாம்."

திரும்பும்போது வேனில் கண்ணாடியைத் துடைக்கிற கட்டை மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணன் என் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில் பழைய பலம் இல்லை.

"யார் வெட்டினதுடா அதை?"

"தெரியலைண்ணே."

"அந்தக் கவுண்டர் பொண்ணுதான். வேற யாரு? ஒரு நாடா, ஒரே ஒரு நாடா! அதுக்கு என்ன மரியாதைன்னு தெரியாத கழுதைங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான். நம்ம ஆலையில நடக்குமா? வெட்டினவன் பின்னாடி நம்பர் போடணும். போட்டா வந்து நிக்கணும். அந்த ஒழுங்கு இருந்திருந்தா எனக்கு இது வருமா?"

அன்றிலிருந்து அவருக்கு நோயைவிட அந்தப் பெண்தான் பெரிதாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் நோயாளி எழுத்தில் புகார் கொடுத்தால் அவளுடைய வேலை போய்விடும் என்று காவலாளி என்னிடம் சொன்னார். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு நடக்கிறதாம், அப்பா படுக்கையில். பின்வாசலில் அவள் ஒரு தடவை என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, நான் சத்தியமா வெட்டலை. அன்னைக்கு அவரே கோப்பைக் கொண்டுவந்து குடுத்தார். நான் வாங்கி வச்சேன். நாடா இல்லாததால பழைய அலமாரியில வச்சுட்டேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

"சரிம்மா, போ," என்றேன். அவ்வளவு பெரிய கோழை நான். அவள் முகத்தைப் பார்த்து இது சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவதைக் கேட்டதும் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணி ஒரு மூட்டையை வேனில் ஏற்ற எனக்குக் கை கொடுத்தார். மூட்டையை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்தக் கோப்பைப் பார்த்தீங்கல்ல? நாடா எப்படி வெட்டியிருந்தது? நேராவா, சாய்வாவா?"

இருபது வருஷமாகச் சரிபார்க்கிற பெண்மணி. அவரிடம் பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?

"சாய்வாதான் அண்ணி."

அவர் தலையை ஆட்டினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டப்பாக்களை வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிற பரணுக்கு ஏணியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. வேலை முடிகிற மணி அடிக்கும்வரை அவர் இறங்கவில்லை.

அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் அண்ணன். புகாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவன் நான்தானே. ஜன்னல் ஓரக் கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு மட்டும் உப்பி, கை கால்கள் குச்சியாக இருந்தன. மகள் சாப்பாட்டு மேஜையில் தாளை வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"எழுது. மேற்படி ஊழியரின் கவனக்குறைவால்... இல்ல, கவனக்குறைவுன்னா பாவமா இருக்கும். அலட்சியத்தால்னு போடு."

"போட்டுட்டேன்ப்பா."

"அலட்சியத்தால் என் உயிருக்கே... என்னம்மா நிறுத்திட்ட?"

"உயிருக்கேன்னு எழுத வரலைப்பா."

"நான் சொல்றேன்ல? எழுது. ஒரு துணி கெட்டா நாங்க ஊர் முன்னாடி வந்து நிப்போம். ஒரு மனுஷன் கெட்டுப் போயிருக்கேன், கேக்க ஆள் இல்லையா? கீழ அந்தப் பொண்ணு பேரை எழுது."

அப்போது அண்ணி உள்ளே வந்தார். முந்தானைக்குள்ளிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். அந்தத் தகர மூடிக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. ஆலையில் அதைக் கேட்டால் அத்தனை தலையும் திரும்பும். அண்ணனின் தலையும் திரும்பியது. உடம்பு தேய்ந்தாலும் காது தேயவில்லை.

"என்ன டப்பாவை வீட்டுக்கே கொண்டாந்துட்ட? எந்த வீட்டுத் துணி திரும்பி வந்திருக்கு?"

"நம்ம வீட்டுதுங்க," என்றார் அண்ணி.

ஒரு மஞ்சள் நாடாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அது எங்கள் ஆலை நாடா இல்லை என்று நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கொஞ்சம் அகலம் அதிகம். அதில் துணி நம்பருக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக் கோப்பு நம்பர் இருந்தது. அந்த நம்பரைக் கொஞ்ச நேரம் படித்துக்கொண்டே இருந்தார். அவருடைய விரல்கள் இரண்டு தடவை அதைத் திருப்பப் போய்த் திருப்பாமல் நின்றன.

"வேணாம்னா நான் உள்ள வச்சிடறேன்," என்றார் அண்ணி. "நீங்க சொன்னா வச்சிடறேன். யாருக்கும் தெரிய வேணாம். ஆனா அந்தப் பொண்ணு பேரை எழுதாதீங்க. அது மட்டும் வேணாம்."

அவர் நாடாவைத் திருப்பினார்.

பின்பக்கம் பதினாலு என்று எழுதியிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். நாலை எழுதும்போது வாலைக் கொஞ்சம் நீட்டி இழுப்பார்.

"எப்ப வெட்டினேன்?" என்றார் மெதுவாக. எங்களைக் கேட்கவில்லை. "ஆமா. கவுண்டருக்கு நடந்து வந்தேன். ரிசல்ட்டு நல்லா வந்துடுச்சேன்னு ஒரே சந்தோஷம். ஆலையிலிருந்து நேரா போனதால இடுப்புல கத்தி, கையில கோப்பு. மஞ்சளா தொங்கிட்டு இருந்துச்சு." கட்டைவிரலால் நாடாவைத் தடவினார். "அதான் சுத்தமாயிடுச்சே, இன்னும் எதுக்குத் தொங்குதுன்னு... கைதான் வெட்டி, நம்பரும் போட்டு, கொண்டாந்து டப்பாவுல போட்டிருக்கு. எனக்கு ஞாபகமே இல்லையே."

"அப்பா, விடுங்கப்பா," என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள். தாளைக் கசக்கப் போனாள்.

"கசக்காத."

தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிரப் பார்த்தார். முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தோளுக்குக் கை கொடுத்தேன். எழுந்து நிற்க வேண்டும் என்றார். அண்ணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அந்தப் பக்கம் வந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தாங்க, அவர் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் வழிந்தது, அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார்.

"அலட்சியத்தால்னு எழுதினது அப்படியே இருக்கட்டும்," என்றார். "கீழ பேர் எழுதிட்டியா?"

"பாதி எழுதியிருக்கேன்ப்பா."

"அதை அடிச்சுடு. பதினாலுன்னு எழுதும்மா." மூச்சு வாங்கியது. அடுத்த வீட்டில் என் மனைவிக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகச் சொன்னார். "நான்தான் வெட்டினேன்."